ஜீப் முனைக் கல்லில் ஒரு பாசி

வெள்ளிமலை
14.9.2024

உயர்திரு பா. கலையரசன் அவர்களுக்கு,

வணக்கம். இத்துடன் ஒரு பாசிப் பொட்டலம் வைத்திருக்கிறேன். எங்கள் பள்ளியின் சுற்றுச்சூழல் மன்றத்துக்காக மாணவிகளும் நானும் இந்த மழையில் இருபத்திரண்டு பாசிகள் சேகரித்தோம். இருபத்தொன்றுக்கு நானே புத்தகத்தைப் பார்த்துப் பேர் போட்டுவிட்டேன். இது ஒன்று மட்டும் மசியவில்லை. டேராடூனில் உட்கார்ந்து பாசி பார்த்துச் சம்பளம் வாங்குகிறவர் எனக்குத் தெரிந்து நீங்கள் ஒருவர்தான். எழுதுவதற்கு வேறு காரணம் எதுவும் இல்லை.

இடம்: எங்கள் ஊர் முனையில் ஜீப் நிற்கும் இடத்துக் கல். அதன் கிழக்குப் பக்கம், முழங்காலுக்குக் கீழே. உயரம் 1040 மீட்டர். குட்டையாக, மெத்தை போல, வெளிர் பச்சையாக இருக்கிறது. காய்ந்தால் இலை சுருண்டுகொள்கிறது. தண்ணீர் தெளித்தால் ஒரு நிமிடத்தில் விரிந்துவிடுகிறது. சிலரைப் போல அடம்பிடிப்பதில்லை.

பழைய நம்பரில் கூப்பிட வேண்டாம். அந்தச் சிம்மை எடுத்துப் போட்டுவிட்டேன். பேர் தெரிந்தால் தபாலில் எழுதினால் போதும்.

இப்படிக்கு,
மா. மீனா
அறிவியல் ஆசிரியை (தற்காலிகம்)


டேராடூன்
25.9.2024

மீனா,

'அவர்களுக்கு' என்று பார்த்ததும் கவரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன், ஆபீசுக்கு வந்த தபாலை நான் பிரித்துவிட்டேனோ என்று. கள்ளக்குறிச்சி காலேஜில் ஐந்து வருஷம் ஒரே லேபில் ஒரே மைக்ராஸ்கோப்புக்குச் சண்டை போட்டவர்கள் நாம். நீ நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது.

பொட்டலத்தை யாரோ ஒரு பிள்ளையின் விடைத்தாளில் மடித்திருக்கிறாய். 'ஒளிச்சேர்க்கை என்றால் என்ன' என்ற கேள்விக்கு இரண்டுக்கு ஒன்றரை போட்டிருக்கிறாய். அந்தச் சிவப்பு மை சுழியைத்தான் முதலில் பார்த்தேன், பாசியை அப்புறம்தான்.

சரி, பாசி. வெந்நீரில் போட்டு விரியவைத்து, ஓர் இலையைக் கிள்ளிக் கண்ணாடியில் வைத்துப் பார்த்தேன். நாக்கு மாதிரி இலை. நடு நரம்பு நுனி வரை போகாமல் கொஞ்சம் முன்னாலேயே நின்றுவிடுகிறது. செல்கள் ஒவ்வொன்றின் மேலும் சின்னச் சின்ன மொட்டுகள். ஜிம்னோஸ்டோமம் என்ற இனம் மாதிரி தெரிகிறது. அதுதான் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இரண்டு வாரத்துக்கு முன்னால் மசூரிக்கு மேலே, இரண்டாயிரம் மீட்டரில், சுண்ணாம்புக்கல் பாறையிலிருந்து நானே சுரண்டி எடுத்துவந்த பாசி என் மேஜை மேல் இருக்கிறது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் எது மசூரி, எது உங்க ஊர் முனை என்று எனக்கே தெரியவில்லை.

ஆனால் இது சுண்ணாம்புக்கல்லைத் தவிர வேறு கல்லைத் தொடாத சாதி. உங்கள் மலையோ முழுக்கக் கருங்கல். அதனால் இரண்டு உதவி. பள்ளி லேபில் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் இருக்கும். அந்தக் கல்லின் மேல் ஒரு சொட்டு விட்டுப் பார். நுரைத்தால் சுண்ணாம்பு. இரண்டாவது, பனிக்காலத்தில் அதில் வித்துப்பை வரும், குண்டூசி போல நீட்டிக்கொண்டிருக்கும். அது வேண்டும். மற்ற பாசிகளுக்கு வித்துப்பையின் வாயைச் சுற்றி வரிசையாகப் பல் இருக்கும். இதற்குப் பொக்கை வாய். அதைப் பார்க்காமல் பேர் சொல்ல முடியாது.

உங்க அம்மா எப்படி இருக்காங்க? சொல்லிக்கொள்ளாமல் புறப்பட்டு வந்ததைப் பற்றி எழுத மூன்று தடவை உட்கார்ந்தேன். அடுத்த கடிதத்தில் எழுதுகிறேன்.

கலை


வெள்ளிமலை
9.10.2024

கலையரசன்,

நுரைத்தது. ஒரு சொட்டுக்குப் புஸ்ஸென்று நுரைத்தது. எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் 'மிஸ், கல்லு பொங்குது' என்று கத்தினார்கள். பாசி இருக்கிற பக்கம் முழுக்க நுரைக்கிறது. ஆக, எங்கள் ஊரில் சுண்ணாம்புக்கல் இருக்கிறது.

உங்கள் கடிதத்தில் பாசிக்கு ஒன்றரைப் பக்கம், எனக்கு இரண்டு வரி. ஒரு கண்ணில் வெண்ணெய், ஒரு கண்ணில் சுண்ணாம்பு என்பார்களே, அது இதுதான். 'அடுத்த கடிதத்தில் எழுதுகிறேன்' என்று ஒரு வாய்தா வேறு. நீங்கள் எழுத வேண்டாம், நானே எழுதுகிறேன்.

ஜூன் மாதம் விஷச் சாராயத்தால் கருணாபுரத்தில் உங்கள் தெருவில் வீட்டுக்கு வீடு சாவுப் பந்தல் போட்டிருந்தது. செத்தவர்களில் உங்கள் அப்பாவும் ஒருவர். செய்தி தெரிந்ததும் மலையிலிருந்து இறங்கி வந்து மூன்று நாள் உங்கள் வீட்டில் இருந்தேன். வந்தவர்களுக்கெல்லாம் தெருக்குழாயில் தண்ணீர் பிடித்துச் சுமந்தேன். உன் அம்மாவின் தலையை மடியில் வைத்துக்கொண்டிருந்தேன். மூன்றாம் நாள் உன் மாமா தெய்வசிகாமணி, பத்துப் பேர் நடுவில் சொன்னார்: "மலைக்காரனுங்க காச்சி எறக்குனதுதான் ஊரையே வாரிக்கினு போச்சி. இதுல அங்கேர்ந்து ஒரு பொண்ணு வேற வந்து குந்திக்கினு கீது."

குடம் என் இடுப்பில் இருந்தது. எங்கள் ஊரில் யாரும் காய்ச்சுவதில்லை என்று உனக்குத் தெரியும். எங்கள் வீட்டில் சாமைக் களி தின்றவன் நீ. நான் உன் முகத்தைப் பார்த்தேன். நீ தரையைப் பார்த்தாய். குடத்தை இறக்கி வைத்துவிட்டு நடந்தேன். பஸ் ஸ்டாண்டு வரைக்கும் திரும்பித் திரும்பிப் பார்த்தேன், பின்னால் வருவாய் என்று. நீ வரவில்லை. ஆகஸ்டில் டேராடூன் போய்விட்டாய்.

ஊமை ஊரைக் கெடுக்கும் என்பார்கள். ஊரை விடு. நமக்குள் இருந்ததைக் கெடுத்தாய்.

பார், 'நீ' என்று எழுதிவிட்டேன். அடித்துத் திருத்த மனசில்லை. அப்படியே இருக்கட்டும்.

மீனா


டேராடூன்
24.10.2024

மீனா,

நீ எழுதியதில் ஒரு வார்த்தை தப்பில்லை. அன்றைக்கு எனக்கு எதுவும் காதில் ஏறவில்லை, மரத்துப்போயிருந்தேன் என்று எழுதலாம். எழுதிப் பார்த்தேன். படிக்க நன்றாக இருந்தது. ஆனால் அது முழு உண்மை இல்லை, அதனால் கிழித்துவிட்டேன். கொஞ்சம் பொறு.

இன்னொரு விஷயம், பொறுக்கவே முடியாத விஷயம். கல் நுரைத்ததை எங்கள் ஆய்வுக்கூடத் தலைவரான டாக்டரிடம் சொன்னேன். நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். கல்வராயன் மலையில் ஆயிரம் மீட்டரில் சுண்ணாம்புக்கல் திட்டு இருந்தால், அதில் பாசி மட்டுமில்லை, வேறு என்னவெல்லாமோ இருக்கும். மூன்று வருஷத் திட்டம் ஒன்று எழுது, பிப்ரவரிக் கமிட்டியில் வைப்போம் என்றார். களப்பணி ஆள் வெள்ளிமலையிலேயே தங்க வேண்டும். அந்த ஆள் யார் என்று நான் கேட்கவில்லை. அவரே, "நீ உள்ளூர்க்காரன்தானே" என்றார்.

மூன்று வருஷம், மீனா! பஸ் ஸ்டாப்புக்குப் பக்கத்தில் உரக்கடை மாடி ஒன்று காலியாக இருக்குமே, யாரும் வாடகைக்கு எடுக்காமல். அது இன்னும் காலியாக இருக்கிறதா? இங்கே ராத்திரி சப்பாத்தியைப் பிய்த்துக்கொண்டு அந்த மாடிக்கு என்ன பாய் வாங்குவது என்று யோசிக்கிறேன். உன்னிடம் மன்னிப்பே இன்னும் கேட்கவில்லை, அதற்குள் பாய் வாங்குகிறேன். திட்டிக்கொள்.

அந்தக் கல்லில் ஒரு சில்லு உடைத்து அனுப்பு, மண்ணியல்காரர்களுக்குக் காட்ட வேண்டும்.

கலை


வெள்ளிமலை
22.11.2024

கலை,

உரக்கடை மாடி காலியாகத்தான் இருக்கிறது. நான் விசாரிக்கப் போகவில்லை. அந்தப் பக்கம் போனேன், பார்த்தேன், அவ்வளவுதான். ஜன்னலுக்குக் கதவில்லை. பாய் வாங்குகிறவர் முதலில் கதவு வாங்கட்டும்.

கல்லை உடைக்க முடியவில்லை. சுத்தியலோடு போனதைப் பார்த்துவிட்டு அம்மா ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டாள். "அந்தக் கல்லு மேல கை வெக்காத. அவரு வந்தா எறங்கி குந்த எடம் வாணாவா?" என்றாள். அப்பா மிளகு பறிக்கக் குடகுக்குப் போய்ப் பதினோரு வருஷம் ஆகிறது. போன முதல் வருஷம் இரண்டு முறை ஆள் மூலம் சேதி வந்தது. அப்புறம் எதுவும் இல்லை. அங்கே வேறு குடும்பம் என்று ஒருத்தர் சொன்னார், செத்துப்போனார் என்று ஒருத்தர் சொன்னார். அம்மா இரண்டையும் கேட்டுக்கொண்டாள். தினமும் கடைசி ஜீப் ஏறிவருகிற நேரத்துக்கு அந்தக் கல்லில் போய் உட்காருவாள். ஜீப் வரும். ஆட்கள் இறங்குவார்கள். எழுந்து வந்து அடுப்பு மூட்டுவாள். அழ மாட்டாள், யாரையும் எதுவும் கேட்க மாட்டாள். ஜீப் ஓட்டுகிற சந்தோஷ் மட்டும் தினமும் "இன்னிக்கி இல்ல அத்த" என்று சொல்லிவிட்டுத்தான் வண்டியைத் திருப்புவான்.

சின்ன வயசில் எனக்கு அவளைப் பார்த்தால் கோபம் வரும். இப்போது தபால்காரர் வருகிற நேரம் பள்ளி வராந்தாவில் எனக்கு என்ன வேலை என்று என்னையே கேட்டுக்கொள்கிறேன். அந்தக் கோபம் என் மேலேயே திரும்புகிறது.

இங்கே பனி இறங்க ஆரம்பித்துவிட்டது. பாசியில் இன்னும் குண்டூசி வரவில்லை. தினமும் குனிந்து பார்க்கிறேன். சீக்கிரம் வந்தால் நீ சீக்கிரம் வருவாய் என்பது போல.

மீனா


டேராடூன்
15.12.2024

மீனா,

சில்லு இல்லாவிட்டால் போகட்டும். நுரைத்தது என்று நீ எழுதியது எனக்குப் போதும். திட்டத்தில் 'சுண்ணாம்புக்கல் திட்டு' என்று எழுதிவிட்டேன். அம்மாவிடம் சுத்தியலைக் காட்டாதே.

இங்கே குளிர் எலும்புக்குள் போகிறது. சாயங்காலம் ஐந்தரைக்கெல்லாம் ரூம் கதவைச் சாத்திக்கொள்கிறார்கள். பேச ஆளில்லை. நேற்று உன் பாசியைக் கொஞ்சம் எடுத்து வெந்நீரில் போட்டேன். சோதனைக்கு இல்லை, சும்மாதான். விரிந்ததும் மண் வாசனை வந்தது. உங்கள் ஊர் முனையில் மழை விட்டதும் வருமே, அந்த வாசனை. நாற்பது பேர் வேலை செய்கிற கூடத்தில் மூக்கைக் கிண்ணத்துக்குள் விட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

உன்னைப் பார்க்க வேண்டும் போலிருக்கிறது. இதைச் சுற்றி வளைக்காமல் எழுத எனக்கு மூன்று கடிதம் ஆகியிருக்கிறது.

கலை


வெள்ளிமலை
20.1.2025

கலை,

வித்துப்பை வந்துவிட்டது. பத்துப் பதினைந்து இருக்கும். பொட்டலத்தில் பஞ்சு வைத்து அனுப்பியிருக்கிறேன். பொங்கல் நல்லபடியாகப் போனது. கல் உடைக்கவில்லை. பள்ளியில் தேர்வு வேலை நிறைய.

மீனா


டேராடூன்
2.2.2025

மீனா!

பொக்கை வாய்! ஒரு பல் கிடையாது! மூன்று வித்துப்பையின் மூடியைத் திறந்து பார்த்தேன், மூன்றும் பொக்கை. மசூரிப் பாசியோடு வித்துகளின் அளவையும் ஒப்பிட்டுவிட்டோம். டாக்டர் தானே உட்கார்ந்து ஒரு மணி நேரம் பார்த்தார். அதே பாசிதான். உயரமான சுண்ணாம்புப் பாறைகளை விட்டு இறங்காத பாசி, உங்கள் ஊர் ஜீப் முனையில்! கமிட்டி இருபதாம் தேதி கூடுகிறது. முடிந்த மாதிரிதான் என்கிறார் டாக்டர்.

ஆனால் உன் கடிதம் ஏன் இவ்வளவு குட்டை? ஆறு வாக்கியம். எண்ணினேன். திட்டுகூட இல்லை. உடம்புக்கு ஒன்றுமில்லையே? பொங்கலில் ஏதாவது நடந்ததா? நான் வருவது பிடிக்கவில்லையா? பிடிக்கவில்லை என்றால் அதையாவது எழுது.

கலை


வெள்ளிமலை
9.2.2025

கலை,

இந்தக் கடிதம் இருபதாம் தேதிக்குள் உன் கைக்கு வந்துசேர வேண்டும் என்று ஸ்பீடு போஸ்டில் அனுப்புகிறேன். வராமல் போனால் நல்லது என்றும் ஒரு பக்கம் நினைக்கிறேன். இரண்டையும் சொல்லிவிடுகிறேன்.

கல் உடைக்கவில்லை என்று எழுதினேன். பொய். மாட்டுப் பொங்கலன்று அம்மா உறவுக்காரர் வீட்டுக்குப் போயிருந்தாள். பாசி இருக்கும் பக்கத்தில் ஒரு மூலையைச் சுத்தியலால் தட்டினேன். உள்ளே கருநீலம், கலை. சுத்தமான கருங்கல். உடைந்த முகத்தில் அமிலம் விட்டேன். பச்சைத் தண்ணீர் விட்ட மாதிரி சும்மா நின்றது. மேலே மட்டும் நகக்கனத்துக்கு ஒரு வெள்ளைத் தோல். அது நுரைத்தது.

அந்தத் தோல் எங்கிருந்து வந்தது என்று விளங்காமல் அங்கேயே நின்றுகொண்டிருந்தேன். சாயங்காலம் அம்மா திரும்பி வந்தாள். வழக்கம் போலக் கல்லில் உட்கார்ந்தாள். வெற்றிலையை மடியிலிருந்து எடுத்தாள், டப்பாவைத் திறந்து ஆள்காட்டி விரலில் சுண்ணாம்பு எடுத்துத் தடவினாள். விரலில் மிச்சம் இருந்ததைக் குனிந்துகூடப் பார்க்காமல் கல்லில் இழுத்துத் துடைத்தாள். கிழக்குப் பக்கம். முழங்காலுக்குக் கீழே.

ஊரில் வெற்றிலை போடுகிற எல்லோரும் செய்வதுதான். பஸ் ஸ்டாண்டு தூண், ரேஷன் கடைச் சுவர், எதைத்தான் விட்டோம்? ஆனால் தினமும் ஒரே இடத்தில் உட்கார்ந்து ஒரே இடத்தில் துடைத்தது இவள் ஒருத்திதான். பதினோரு வருஷம். பிறந்ததிலிருந்து அந்த விரலைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். பிள்ளைகளுக்குக் 'கவனித்துப் பார்' என்று பாடம் நடத்துகிறவள் நான்!

ஆக, சுண்ணாம்புக்கல் இல்லை. திட்டு இல்லை. திட்டமும் இல்லை. இது தெரிந்தும் மூன்று வாரத்துக்கு மேல் வாயை மூடிக்கொண்டு இருந்தேன். சொன்னால் நீ வர மாட்டாய். சொல்லாவிட்டால் வருவாய், மூன்று வருஷம் இருப்பாய். யாருக்கு என்ன நஷ்டம், ஒரு கல்தானே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். தினமும் அந்தக் கல்லைத் தாண்டித்தான் பள்ளிக்கூடம் போகிறேன். உன்னைப் பார்த்து ஊமை என்றேன். வாயை மூடிக்கொண்டு இருப்பது எவ்வளவு சுலபம் என்று இப்போது தெரிந்துகொண்டேன்.

நீ வர வேண்டும் என்று எனக்கு ரொம்ப ஆசை, கலை. ஆனால் பொய்க்கல்லில் ஏறி வர வேண்டாம்.

மீனா


டேராடூன்
23.2.2025

மீனா,

உன் கடிதம் பதினேழாம் தேதி வந்தது. பதினெட்டு காலையில் டாக்டரிடம் கொடுத்தேன். அவருக்குத் தமிழ் தெரியாது, நானே வரிவரியாகச் சொன்னேன். ஆசையைப் பற்றி நீ எழுதிய வரியை மட்டும் விட்டுவிட்டேன். திட்டத்தை வாபஸ் வாங்கினோம். அவர் கத்தவில்லை. "புது முகம் உடைக்காமல் கல்லுக்குப் பேர் சொல்லக் கூடாது, இது முதல் வருஷப் பாடம்" என்று மட்டும் சொன்னார். கத்தியிருக்கலாம்.

தப்பு உன்னுடையது இல்லை. சில்லு வேண்டும் என்று நான் அடம்பிடித்திருக்க வேண்டும். டிசம்பரில் 'போகட்டும்' என்று எழுதினேனே, அது பெருந்தன்மை இல்லை. உடைத்தால் வேறு பதில் வந்துவிடுமோ என்ற பயம். உங்கள் மலை முழுக்கக் கருங்கல் என்று எனக்குத் தெரியாதா?

அதே பயம்தான் ஜூனிலும். இப்போது எழுதிவிடுகிறேன். மாமா சொன்னது எனக்கு நன்றாகக் காதில் விழுந்தது. நான் மரத்துப்போகவில்லை. அப்பா ஏன் குடித்தார், முந்தின நாள் சாயங்காலம் அவர் கிளம்பும்போது நான் ஏன் தடுக்கவில்லை என்று இரண்டு நாளாக உள்ளே குடைந்துகொண்டிருந்தது. மாமா வேறு யார் மேலோ பழியைத் தூக்கிப் போட்டதும், ஒரு நிமிஷம், ஒரே நிமிஷம், எனக்கு மூச்சு விட முடிந்தது. அந்தப் பழி விழுந்தது உன் தலையில். தெரிந்தும் நான் மூச்சு விட்டேன். அதற்கப்புறம் உன் முகத்தைப் பார்க்கிற தைரியம் எனக்கு இல்லை. அதனால்தான் சொல்லிக்கொள்ளாமல் ஓடிவந்தேன். இதற்கு மன்னிப்பு கேட்பது எப்படி என்று தெரியவில்லை. நடந்தது இதுதான்.

பாசி மட்டும் பொய் இல்லை. பேர் சரி. கல்தான் தப்பு. இந்த வித்துகள் தூசியைவிடச் சின்னவை. காற்று எங்கேயும் கொண்டுபோகும். எத்தனையோ வருஷமாக உங்கள் மலை மேல் விழுந்துகொண்டிருந்திருக்கும், முளைக்க இடமில்லாமல் செத்திருக்கும். உன் அம்மா ஒரு சாண் இடம் தயார் பண்ணி வைத்திருந்தார். அதில் விழுந்த ஒன்று பிழைத்துக்கொண்டது. இதை ஒரு சின்னக் குறிப்பாக எழுதலாம் என்கிறார் டாக்டர். பாசியை இங்கே பாதுகாத்து வைக்கிற உறைக்கு ஒரு சீட்டு எழுதியிருக்கிறேன். சரியா பார்:

'இடம்: ஜீப் முனை, கல்வராயன் மலை. உயரம்: 1040 மீ. வளரும் பரப்பு: கருங்கல் மேல் படிந்த வெற்றிலைச் சுண்ணாம்பு. சேகரித்தவர்: மா. மீனா.'

என் ஒப்பந்தம் மே மாதத்தோடு முடிகிறது. நீட்டிக்க மாட்டார்கள்.

கலை


வெள்ளிமலை
12.3.2025

கலை,

பத்து நாள் உன் கடிதத்தை மடித்தபடியே பையில் வைத்துக்கொண்டு திரிந்தேன். அந்த ஒரு நிமிஷத்தைப் பற்றி நீ எழுதியதைப் படித்தபோது, எழுதாமலே இருந்திருக்கலாம் என்று தோன்றியது. இரண்டு நாள் கழித்து, எழுதாமல் இருந்திருந்தால் உன்னை நான் எதை வைத்து நம்புவது என்று தோன்றியது. வலிக்கிறது. ஆனால் உடைத்த முகம் இது. இதற்குப் பேர் வைக்கலாம்.

அம்மாவிடம் பாசியைப் பற்றிச் சொன்னேன். இமயமலைப் பக்கம் வளர்கிற பாசி, நீ துடைத்த சுண்ணாம்பில் முளைத்திருக்கிறது என்றேன். கல் பக்கம் போய்க் குந்தி உட்கார்ந்து ரொம்ப நேரம் பார்த்தாள். "இன்னாடி இது, அவ்ளோ தூரத்துலேர்ந்தா வந்துகீது?" என்றாள். ஆமாம் என்றேன். அப்புறம் டப்பாவைத் திறந்துகொண்டே கேட்டாள், "அதுக்கு இன்னும் கொஞ்சம் வேணுமா?"

எனக்குத் தாங்கவில்லை. பள்ளிக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லிவிட்டுக் கிளம்பிவிட்டேன். அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை.

சீட்டில் ஒரு திருத்தம். சேகரித்தவர் நானாக இருக்கட்டும். 'சுண்ணாம்பு இட்டவர்: மா. வெள்ளச்சி' என்று ஒரு வரி சேர். அதற்கு இடம் இல்லை என்று உன் டாக்டர் சொன்னால் என் பேரை எடுத்துவிடு.

ஜூனில் உன் அப்பாவுக்கு முதல் வருஷப் படையல் வரும். அதே பத்துப் பேர் வருவார்கள். எனக்கு நீ கடிதத்தில் சொன்னது போதாது. எங்கே வாயை மூடிக்கொண்டாயோ அங்கே திறக்க வேண்டும். நான் அங்கே வர மாட்டேன். கூட நின்று சொல்லிக்கொடுக்க நான் உனக்கு டீச்சர் இல்லை. அதுவரைக்கும் எழுதாதே. எழுதினால் நான் இளகிவிடுவேன்.

மீனா


கருணாபுரம்
20.6.2025

மீனா,

நேற்றுப் படையல் முடிந்தது. இலை போட்டு எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள். மாமாவுக்கு நான்தான் சாம்பார் ஊற்றினேன். ஊற்றிக்கொண்டே ஆரம்பித்தேன், நின்றால் முடியாது என்று தெரியும். "போன வருஷம் இதே எடத்துல மீனாவ வெச்சிக்கினு ஒண்ணு சொன்னீங்க மாமா. அது பொய். அவங்க ஊருக்கும் நம்ம ஊட்டு சாவுக்கும் சம்மந்தமில்ல. அன்னிக்கே சொல்லிருக்கணும். நான் சொல்லல. அவ நம்ம ஊட்டுக்கு மூணு நாளு தண்ணி சுமந்தா" என்றேன். அவர் இலையில் சாம்பார் வழிந்துவிட்டது.

மாமா எழுந்துபோய்விட்டார். நாலு பேர் அவர் பின்னாலேயே போனார்கள். நான் கரண்டியோடு நின்றேன். அம்மா உள்ளேயிருந்து வந்தது. அழுதுகொண்டிருந்தது. என்னைத் திட்டப்போகிறது என்று நினைத்தேன். அது மாமாவின் இலையை எடுத்துப் போட்டுவிட்டு, "அந்தக் கொடம் இன்னும் அப்பிடியேதான் கீது. அவ வெச்ச எடத்துலயே. எடுக்க மனசு வர்ல எனக்கு" என்றது. நான் பத்து மாசம் இமயமலையில் இருந்தேன். என் அம்மா பத்து மாசமாக அந்தக் குடத்தைச் சுற்றிக்கொண்டு நடந்திருக்கிறது.

வேலை என்ன என்று கேட்காதே. காலேஜில் கௌரவ விரிவுரையாளர் இடத்துக்கு மனு போட்டிருக்கிறேன், பதில் இல்லை. கையில் இருப்பது ஒரு பெட்டி, ஒரு லென்ஸ், பாசி உறையின் நகல் ஒன்று. சீட்டில் நீ சொன்ன வரி இருக்கிறது. இடம் போதவில்லை என்று, கீழே 'சரிபார்த்தவர்' என்று இருந்த தன் பேரை டாக்டர் எடுத்துவிட்டார்.

சனிக்கிழமைச் சந்தைக்கு இறங்கி வருகிற சந்தோஷிடம் இதைக் கொடுத்துவிடுகிறேன். ஞாயிற்றுக்கிழமை அம்மாவுக்கு இங்கே சில வேலைகள் இருக்கின்றன, முடித்துக்கொடுத்துவிட்டுக் கடைசி ஜீப்பில் மேலே வருகிறேன். கல்லுப் பக்கம் வந்து நிற்பாயா?

கலை


ஜீப் முனை
21.6.2025

கலை,

சந்தோஷ் நாளை விடியற்காலை பலாப்பழ லோடோடு கீழே இறங்குகிறான். இந்தக் கடிதம் உன் கைக்கு வரும்போது அவன் வண்டி உன் தெருமுனையில் நிற்கும். உன் அம்மாவின் வேலை எதுவானாலும் அப்புறம் இறங்கிப் போய் இரண்டு பேருமாகச் செய்துகொடுக்கலாம். அந்தக் குடத்தையும் நானே வந்து எடுக்கிறேன், வேறு யாரும் தொட வேண்டாம் என்று சொல்.

நீ அவனோடு முதல் ஜீப்பிலேயே ஏறி வா. கடைசி ஜீப்பைப் பார்த்துக்கொண்டு உட்கார எங்கள் வீட்டில் ஒருத்தி போதும்.

மீனா